ஆவியும் இல்லை, ஆன்மாவும் இல்லை... அது பாக்கிக் கணக்கு!

இருட்டான ஒரு கூடம். நாலு மூலையிலும் ஸ்பீக்கர். நடுவில் பழைய காலத்து ரேடியோ ஒன்று, அதன் மேல் மட்டும் சின்னதாக ஒரு வெளிச்சம். ஊளையிடுவது போல ஒரு சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. விண்வெளியில் தனியாக அலையும் ஓர் ஆன்மா, மறக்கப்பட்ட குரல், இயந்திரத்தின் கண்ணீர் என்று சுவரில் ஓர் அட்டை. வந்தவர்கள் கண்ணை மூடி உருகிவிட்டு, வெளியே போய் டீ குடிக்கிறார்கள்.

கைவிடப்பட்ட செயற்கைக்கோள்களின் ரேடியோ சிக்னலைப் பிடித்துக் கலை செய்வது உலகத்தில் இப்போது தனியொரு சரக்காகவே ஆகிவிட்டது. இசை ஆல்பம், வீடியோ, கண்காட்சி என்று வடிவம் மாறும். செய்முறை மட்டும் பெரும்பாலும் மாறாது. சத்தத்தை எடு, இழு, எதிரொலி சேர், மேலே "ஆவி" என்று ஒரு சொல்லை ஒட்டு. முடிந்தது வேலை.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கலைதானே, யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. அது யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இந்த வகையில் மிகப் பிரபலமான சத்தம் எல்.ஈ.எஸ்-1 என்ற செயற்கைக்கோளுடையது. விரித்தால் லிங்கன் சோதனைச் செயற்கைக்கோள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் கட்டியது, 1965 பிப்ரவரி 11இல் ஏவப்பட்டது. அமெரிக்க விமானப்படைக்கான தகவல் தொடர்பைச் சோதிப்பதுதான் அதன் வேலை. வயரிங்கில் நடந்த ஒரு தவறால் அடுத்த கட்ட மோட்டார் எரியவில்லை. போக வேண்டிய பாதைக்குப் போகாமல் சுமார் 2,800 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. 1967இல் பேச்சும் நின்றது. எல்லாரும் மறந்தாயிற்று. பிறகு 2013இல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருக்கும் ஓர் அமெச்சூர் வானொலி ஆர்வலர் 237 மெகாஹெர்ட்ஸில் அதன் சிக்னலைப் பிடித்தார் என்று செய்தி வந்தது. உடனே "பேய் சாட்டிலைட்" என்று தலைப்புகள் பறந்தன.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உள்ளே இருந்த பேட்டரி எப்போதோ கெட்டுப் போயிருக்க வேண்டும். அதனால் சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. செயற்கைக்கோள் கட்டுப்பாடில்லாமல் சுமார் 4 நொடிக்கு ஒரு தடவை குட்டிக்கரணம் அடிக்கிறது. அப்போது தகடுகள் மீது நிழல் விழுந்து விழுந்து விலகுவதால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் ஊளை. லோ வோல்டேஜில் வீட்டு மின்விசிறி முனகினால் "ஐயோ, ஆன்மா அழுகிறது" என்று யாராவது கண்ணை மூடுகிறார்களா? மின்வாரியத்துக்குத்தானே போன் போடுகிறார்கள்!

மேலே இருப்பதற்கு மட்டும் ஏன் போன் போடத் தோன்றவில்லை? ஏனென்றால் யாருக்குப் போடுவது என்பதையே இந்தக் கலை மறைத்துவிடுகிறது.

"கைவிடப்பட்ட" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். ஆற்றங்கரையில் கிடக்கும் உடைந்த படகு போல, உரிமையாளர் இல்லாத பொருள் என்ற தோற்றத்தை அது தருகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1967இன் விண்வெளி ஒப்பந்தம், எட்டாவது பிரிவு: விண்வெளிக்குப் போய்விட்டதால் ஒரு பொருளின் உடைமை மாறாது. எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறதோ, அதிகாரமும் அந்த நாட்டிடமே. வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்பது கணக்கில்லை. மேலே அநாதைப் பொருள் என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. சொந்தக்காரன் இருக்கிறான். கண்டுகொள்ளாமல் இருக்கிறான், அவ்வளவுதான்.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஐந்தொகையில் ஒரு பக்கம் சொத்துகள், மறு பக்கம் பொறுப்புகள். ஓர் இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் தேய்மானம் போட்டு, ஆயுள் முடியும்போது அதன் மதிப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பேரேட்டிலிருந்து எழுதித் தள்ளிவிடலாம். தரையில் இருக்கும் இயந்திரம் என்றால் அதற்குப் பிறகு காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு எடை எடுத்துப் போவார். இடம் காலியாகும். செயற்கைக்கோளில் அந்தக் கடைசி வரி இல்லை. ஏட்டில் பூஜ்யம், வானத்தில் பல நூறு கிலோ. சொத்தை எழுதித் தள்ளியாயிற்று. பொறுப்பு எந்த ஏட்டில் இருக்கிறது?

சுற்றுப்பாதை ஊர்ப் புறம்போக்கு மாதிரி. எல்லாருக்கும் சொந்தம், தனியாக யாருக்கும் பட்டா கிடையாது. அதில் ஒருவன் ஓட்டை லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஐம்பது வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் ஊர் என்ன பேசும்? லாரியின் தனிமை பற்றிக் கவிதையா எழுதும்?

அந்த லாரி ஹாரனையும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால்? அதுவும் நடந்தது. இன்டெல்சாட் நிறுவனத்தின் கேலக்ஸி 15, 2010 ஏப்ரல் 5இல் தரையின் கட்டளைகளுக்குப் பதில் தருவதை நிறுத்தியது. ஆனால் ஒளிபரப்பை நிறுத்தவில்லை. தன் இடத்தை விட்டு நகர்ந்து, பக்கத்துச் செயற்கைக்கோள்களின் எல்லைக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தது. அதே அலைவரிசைகளைப் பயன்படுத்தும் மற்ற நிறுவனங்கள் இடையூறு வராமல் பார்த்துக்கொள்ள மாதக்கணக்கில் பாடுபட்டன. டிசம்பர் 23இல்தான் அது கட்டுக்குள் வந்தது. பத்திரிகைகள் வைத்த பெயர் "ஜோம்பிசாட்". பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு, இடையூறு பண்ணியது யாருடைய செயற்கைக்கோள் என்று ஞாபகம் இருந்திருக்குமா? பேய்க்கதைகளின் சௌகரியமே அதுதான். பேய் தானாக வரும், தானாகப் போகும். வீட்டுக்காரனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த மயக்கம் இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 1962க்குப் போவோம்.

அந்த வருடம் ஜூலை 10இல் டெல்ஸ்டார் 1 ஏவப்பட்டது. ஏ.டி.&டி. நிறுவனம் பணம் போட்டது, அதன் பெல் ஆய்வகம் கட்டியது, நாசா ஏவியது. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நேரடித் தொலைக்காட்சி காட்டிய முதல் செயற்கைக்கோள். அந்த உற்சாகத்தில் பிரிட்டனில் ஜோ மீக் எழுதித் தயாரித்து, தி டொர்னாடோஸ் குழு வாசித்த "டெல்ஸ்டார்" என்ற இசைத்தட்டு வந்தது. பாட்டு வரிகள் கிடையாது, வெறும் இசை. பிரிட்டனில் முதலிடம், அந்த டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம்.

டெல்ஸ்டார் மேலே போவதற்கு முந்தைய நாள், ஜூலை 9இல், பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர், 1.4 மெகாடன். அதன் கதிர்வீச்சு பூமியைச் சுற்றித் தங்கியது. சோவியத் யூனியனும் தன் பங்குக்கு உயரத்தில் வெடித்தது. டெல்ஸ்டாரின் டிரான்சிஸ்டர்கள் அதில் பாழாகி, நவம்பரில் அது கட்டளைகளுக்குப் பதில் தருவதை நிறுத்தியது. அமெரிக்க வானொலிகளில் பாட்டு முதலிடம் போட்டபோது மேலே அந்தச் செயற்கைக்கோள் ஊமையாக இருந்தது! ஜனவரியில் பொறியாளர்கள் எப்படியோ எழுப்பினார்கள். 1963 பிப்ரவரி 21இல் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது. உடல் இன்றும் மேலேதான் சுற்றுகிறது.

பாட்டு அழகானதுதான், அதில் சந்தேகமில்லை. ஜோ மீக்குக்கு அந்தக் குண்டு பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் 60 வருடங்கள் கழித்து, எல்லா விவரமும் ஒரு சொடுக்கில் கிடைக்கும் காலத்தில், செத்த செயற்கைக்கோளை வைத்துக் கலை செய்கிறவர் அதை யார் கொன்றது என்பதைக் கேட்காமல் "அது தனிமையில் பாடுகிறது" என்று சொன்னால் என்ன பெயர்? அப்பாவித்தனம் என்றா, சோம்பேறித்தனம் என்றா?

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தக் கலை சத்தம் போடுகிறவற்றை மட்டும்தான் கேட்கிறது. ஆபத்தானவை பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை.

2009 பிப்ரவரி 10இல் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 மீது காஸ்மாஸ் 2251 மோதியது. காஸ்மாஸ், ரஷ்யாவின் ராணுவத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். 1995லேயே செயலிழந்தது. சிக்னல் இல்லை, ஊளை இல்லை, ஒரு கீச்சுக்கூட இல்லை. மோதலில் தெறித்த துண்டுகளில் கண்காணிக்கும் அளவுக்குப் பெரியவை மட்டும் 2,000க்கு மேல். அடுத்தது ஐரோப்பாவின் என்விசாட். 8 டன் எடை. 2002இல் ஏவப்பட்டு, 2012 ஏப்ரல் 8இல் தொடர்பு அறுந்தது. இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதுவும் பரம சாது, வாயே திறக்காது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் 2025 அறிக்கைப்படி மேலே கண்காணிக்கப்படும் பொருட்கள் சுமார் 40,000. அதில் இயங்கும் செயற்கைக்கோள்கள் சுமார் 11,000 மட்டுமே. மீதி அத்தனையும் குப்பை. காதில் விழுகிற நாலைந்தை வைத்துக்கொண்டு மொத்த வானத்தையும் "கேட்கிறோம்" என்று சொல்வது, தெருவில் குரைக்கிற நாயை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் இவ்வளவுதான் நாய் என்று சொல்வது மாதிரி.

பொறுப்பை வசூலிக்கவே முடியாது என்றால் புலம்பலோடு நிறுத்தலாம். முடியும் என்று வரலாறு சொல்கிறது.

1978 ஜனவரி 24இல் அணு உலையோடு பறந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954 கனடாவின் வடமேற்கில் உடைந்து விழுந்தது. கனடா "விண்வெளி மர்மம்" என்று பாட்டுப் பாடவில்லை. சுத்தம் செய்த செலவுக்குக் கணக்குப் போட்டு 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. பேரம் நடந்தது, 30 லட்சம் வாங்கியது. 2023 அக்டோபரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், எக்கோஸ்டார் 7 செயற்கைக்கோளைச் சொன்ன உயரத்துக்குக் கொண்டுபோய் ஓரங்கட்டவில்லை என்பதற்காக டிஷ் நிறுவனத்துக்கு 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. 300 கிலோமீட்டர் மேலே தள்ளுவதாகச் சொல்லியிருந்தார்கள், எரிபொருள் போதாமல் 122லேயே விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்த அபராதம் டீச்செலவு. ஆனாலும் விண்வெளிக் குப்பைக்காக அந்த ஆணையம் போட்ட முதல் அபராதம் அது. அதே வருடம் மார்ச் 7இல், 2011இல் ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை இஸ்ரோ கட்டுப்பாட்டோடு இறக்கிப் பசிபிக் கடலுக்கு மேல் எரித்து முடித்தது. அப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட செயற்கைக்கோள்கூட இல்லை அது. மனமும் மிச்ச எரிபொருளும் இருந்தால் வழி உண்டு.

சரி, அப்படியென்றால் இந்தத் துறையில் உருப்படியான கலையே கிடையாதா? உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு பக்கக் கணக்காகிவிடும்.

அமெரிக்கக் கலைஞர் டிரெவர் பாக்லன், ரகசியச் செயற்கைக்கோள்களை இரவு வானத்தில் படம்பிடித்து ஒரு வரிசையே செய்திருக்கிறார். அவற்றின் பாதைகளைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவியது அமெச்சூர் வான் நோக்கர்கள் சேர்த்து வைத்த குறிப்புகள். பார்ப்பவர் ஒரு ஒளிக்கோட்டைப் பார்க்கிறார், அது எந்த உளவுச் செயற்கைக்கோள் என்பதைத் தலைப்பிலேயே படிக்கிறார். அழகும் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. ஆனால் அதே பாக்லன் 2018 டிசம்பர் 3இல் "ஆர்பிட்டல் ரிஃப்ளெக்டர்" என்ற கலைச் செயற்கைக்கோளை நெவாடா கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து ஏவினார். மேலே போய் ஒரு பளபளக்கும் பலூனை விரிக்க வேண்டும். விரிக்க அனுமதி தர வேண்டிய அலுவலகம் அமெரிக்க அரசு முடக்கத்தில் பூட்டிக் கிடந்தது, அதற்குள் தொடர்பு அறுந்துபோனது. கலைக்காக ஏவியதே கைவிடப்பட்ட செயற்கைக்கோளாக முடிந்தது. புறம்போக்கில் குப்பை போடுவதற்குக் கலைஞர் என்றால் சலுகை ஒன்றும் இல்லை.

2020இல் சோஃபி டயர், சாஷா எங்கல்மான் இருவரும் தொடங்கிய "ஓப்பன் வெதர்" இன்னும் நல்ல உதாரணம். கையால் பிடிக்கும் ஆன்டெனா, மலிவான ரிசீவர், ஒரு மடிக்கணினி. இவற்றை வைத்து அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் 137 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடித்து மேகப்படமாக மாற்ற யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தச் செயற்கைக்கோள், எங்கே நின்று, எப்போது பிடித்தது என்பதும் படைப்பின் பகுதி. அவர்கள் கேட்டுவந்த நோவா 15, 18, 19 மூன்றும் 2025 ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அவை எப்போது போயின, ஏன் போயின என்று அந்தப் படங்களைப் பிடித்தவர்களுக்குத் தேதியோடு தெரியும். பேய்க்கதை தேவைப்படவில்லை.

"எல்லாவற்றையும் விளக்கினால் வியப்பு போய்விடாதா?" என்பது வழக்கமான கேள்வி. இதற்கு ஆஸ்கார் 7 பதில் சொல்லும். ஆம்சாட் என்ற அமெச்சூர் வானொலி அமைப்பின் செயற்கைக்கோள், 1974 நவம்பர் 15இல் ஏவப்பட்டது. 1981இல் பேட்டரி ஷார்ட் ஆகிச் செத்தது. 2002 ஜூன் 21இல், 21 வருடம் கழித்து, திடீரென்று மறுபடி பேசியது! ஷார்ட் ஆன பேட்டரி காலப்போக்கில் இணைப்பே விட்டுப்போய், சூரியத் தகடுகளின் மின்சாரம் கருவிகளுக்குப் போக வழி கிடைத்ததுதான் காரணம். வெயில் படும்போது எழும், நிழலில் தூங்கும். காரணம் தெரிந்தபின் வியப்பு குறைந்ததா, கூடியதா? நீங்களே சொல்லுங்கள்.

"கலைஞன் என்ன ஆடிட்டரா? கவனத்தை ஈர்த்தாலே போதாதா?" என்பது அடுத்த கேள்வி. எதன் பக்கம் ஈர்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரி 20இல், காணாமல் போன நாசாவின் இமேஜ் செயற்கைக்கோளைக் கனடாவின் அமெச்சூர் ஸ்காட் டில்லி கண்டுபிடித்தார். அவர் தேடியதென்னவோ ஜூமா என்ற ரகசியச் செயற்கைக்கோளை. வலையில் விழுந்தது 2005 டிசம்பரில் தொலைந்த இமேஜ். சத்தத்தைக் கேட்டு உருகாமல், அலைவரிசை எப்படி நகர்கிறது என்று அளந்தார், பாதையோடு பொருத்தினார், சொந்தக்காரருக்குத் தகவல் சொன்னார். பத்து நாளில் நாசா உறுதி செய்தது. 1967இல் ஏவிய எல்.ஈ.எஸ்-5 இன்னும் பேசிக்கொண்டிருப்பதை 2020இல் கண்டுபிடித்தவரும் இவரே. ஆடிட்டர் வேலை என்றால் அது இதுதான். இதற்குச் சம்பளம்கூட இல்லை! அந்த உழைப்பில் கிடைத்த சத்தத்தை எடுத்துக்கொண்டு, அந்த உழைப்பு கண்டுபிடித்த பெயரையும் தேதியையும் மட்டும் தூக்கி எறிவது எந்த ஊர் நியாயம்?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சத்தத்தை எப்படி வேண்டுமானாலும் இழுங்கள், முறுக்குங்கள், இசையாக்குங்கள். சுவரில் மாட்டும் அட்டையில் மட்டும் ஐந்து விவரம் எழுதுங்கள். செயற்கைக்கோளின் பெயர். ஏவியது யார், எந்த வருடம். எதற்காக. எப்போது, எப்படிச் செத்தது. இன்று யாருடைய பதிவேட்டில் இருக்கிறது.

எல்.ஈ.எஸ்-1 சத்தத்தை வைத்து எழுதினால் அந்த அட்டை இப்படி இருக்கும்: எல்.ஈ.எஸ்-1. அமெரிக்கா, 1965. விமானப்படைத் தகவல் தொடர்புச் சோதனை. வயரிங் தவறால் பாதை மாறி, 1967இல் மௌனமானது. உரிமை இன்றும் அமெரிக்காவுக்கே.

இதைப் படித்துவிட்டு அதே இருட்டுக் கூடத்தில் அதே ஊளையைக் கேட்கட்டும். இப்போதும் உடம்பு சிலிர்க்கும். வெளியே வந்து டீ குடிக்கும்போது பேசுவதற்கு மட்டும் ஒரு கேள்வி கூடவே வரும்: "அதை எப்போதய்யா எடுப்பீர்கள்?"